நான் ‘டெட்’ என்று எழுதிய போர்டு

போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது பொத்தேரி கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். சால்வை, சுவர்க் கடிகாரம், கேசரி, எல்லாம் வழக்கம்போல. வீடியோ எடுக்க மாமல்லபுரத்திலிருந்து ஏழுமலை வந்திருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். யாரும் கூப்பிடாமலே கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடைசியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மைக்கையும் வாங்கிக்கொண்டார்.

“ஸ்டெல்லா மேடத்தப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும். ஒரு போர்டு செத்துப்போச்சுனு இவங்களே சீட்டு எழுதிக் குடுத்தாங்க. நாங்களும் உட்டுட்டுப் போயிட்டோம். இவங்க மனசு கேக்காம நாலு மாசம் வெச்சிருந்து, ஒரு சிப்ப மாத்தி, உசுரு குடுத்து, பஸ்ஸு ஏறி எங்கடைக்கே கொண்ணாந்து குடுத்தாங்க. யாருங்க செய்வா இந்தக் காலத்துல?”

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அடுத்து என் பெஞ்சில் உட்காரப் போகிற விஜி, “அக்கா, அது எந்த சிப்புனு சொல்லிட்டுப் போங்கக்கா, எங்களுக்கும் ஒதவும்” என்றாள். தண்ணீர் குடித்தேன். “எழுதித் தரேன்” என்றேன்.

இதுதான் அந்த எழுத்து. சிப் எதையும் நான் மாற்றவில்லை, விஜி.

எனக்கு ஊர் வேடந்தாங்கல் பக்கம். அப்படிச் சொன்னால் எல்லோரும் உடனே பறவைகளைப் பற்றிக் கேட்பார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். தலையைத் தூக்கிப் பறவை பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. பத்தாவது முடித்ததும் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் சால்டரிங் லைனில் சேர்ந்தேன். ஐந்து வருடம் ஒரே கம்பியை ஒரே இடத்தில் ஒட்டினேன். கை நேரானது, முதுகு வளைந்தது. பிறகு செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் போர்டு வேலைக்கு ஆள் எடுத்தபோது, வரிசையில் நின்ற பையன்கள் எல்லோரும் டிப்ளமோக்காரர்கள். காதர் சார் என் கையில் சால்டரிங் இரும்பைக் கொடுத்து ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். “திங்கக்கெழம வந்துடும்மா” என்றார். என் படிப்பு அவ்வளவுதான்.

காதர் சார் எங்கள் பெஞ்சுக்கு சூப்பர்வைசர். கோவளத்துக்காரர். ஒல்லியான ஆள், சத்தமே போட மாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக என்னை “இன்னாம்மா, வா, போ” என்பார். ஏதாவது சொதப்பினால் “வாங்க, நீங்க பெரியவங்க, சொல்லுங்க” என்று ஆரம்பிப்பார். அந்த ‘ங்க’ காதில் விழுந்தால் நாங்களெல்லாம் செய்த வேலையை முதலிலிருந்து சரிபார்ப்போம். அவர் மறுபடி ‘வா, போ’ என்று சொல்லுகிறவரை சோறு இறங்காது.

போர்டு வந்தால் உடனே அதைத் தொட விடமாட்டார். முதலில் மோந்து பார்க்கச் சொல்வார். ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளிலிருந்து வருவதில் லாரிப் புழுதி வாசனை. கோவளம், மாமல்லபுரம் பக்கம் என்றால் உப்பு. பாகங்களின் காலும் ஊசியும் பச்சையாகப் பூத்திருக்கும். மாமல்லபுரத்தில் உப்போடு கல் பொடியும் சேரும். சிற்பக் கூடங்களில் நாள் முழுக்க உளி ஓடுகிற ஊர் அல்லவா, ஃபேனைக் கழற்றினால் மாவு கொட்டும்.

மோந்த பிறகு சீட்டு. சீட்டில் மூன்று கட்டம். முதல் கட்டம், வாடிக்கையாளர் சொன்னது. இரண்டாவது, நாம் பார்த்தது. மூன்றாவது, முடிவு. முதல் கட்டத்தில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். இரண்டு பேர் வந்தால் இரண்டு பேர் சொன்னதையும் எழுத வேண்டும். “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுனு நெனச்சிக்காத. அது கெட்டுப்போன நேரத்துல அங்க இருந்தது அவங்கதான், நீ இல்ல” என்பார்.

இன்னொன்று, ‘டெட்’ என்ற வார்த்தை. எங்கள் தொழிலில் அது ரொம்பச் சுலபமான வார்த்தை. ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து போர்டு வந்தபோது நானும் புதுசில் அப்படி எழுதிவிட்டேன். காதர் சார் சீட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

“டெட்டுனு எழுதறீங்க. நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது, அது எழல. அதான நாம பாத்தது? அத எழுதுங்க.”

அடித்துவிட்டு ‘எழவில்லை’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அந்த போர்டு எழுந்தது. உள்ளே ஒரு திருகாணி விழுந்து சிக்கியிருந்தது. அதன் பிறகு பல வருடம் அந்த வார்த்தையை நான் எழுதவில்லை.

அவர் சொன்ன விதிகளில் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. “பிளக்கப் புடுங்காத, சுவிட்ச்ச அணை.” மூன்று ஊசி பிளக்கில் பெரிய ஊசி எர்த். பிளக் சுவரில் இருந்தால், நம் உடம்பில் சேரும் மின்சாரம் அதன் வழியே தரைக்குப் போய்விடும், போர்டுக்கு ஆபத்தில்லை. சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் கரண்டும் வராது. செங்கல்பட்டுக் கட்டடத்தில் ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு சுவிட்ச் இருந்தது. அங்கே அந்த விதி சரியாக இருந்தது.

பிறகு சென்டர் பொத்தேரிக்கு மாறியது. பக்கத்தில் பெரிய காலேஜ், ஹாஸ்டல், பரோட்டா கடை, எந்நேரமும் கூட்டம். புது பெஞ்சு, புது ஒயரிங். பெஞ்சு முழுக்க யு.பி.எஸ்ஸிலிருந்து நீளமாக ஒரு பிளக் பட்டை போட்டுக் கொடுத்தார்கள். அதில் வரிசையாக ஓட்டை மட்டும், சுவிட்ச் கிடையாது. நான் பிளக்கைப் பிடுங்காமல் வேலை செய்தேன். அணைப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. விதியில் பாதி போய்விட்டது எனக்குத் தெரியவே இல்லை.

அங்கே போய் ஒரு வருடம் இருக்கும். இப்போது கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு வருடம் ஆகிறது. காலை பதினோரு மணிக்கு ஏழுமலையும் அவர் தம்பி தினேஷும் வந்தார்கள். ஏழுமலைக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல்; தினேஷுக்கு இருபத்திரண்டு. அண்ணன் வீடியோ எடுப்பார், தம்பி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பான். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் கோத்து முடிக்க மணிக்கணக்கில் ஆகும். தம்பி பொறுமை இழந்து ஓவர்கிளாக் செய்திருக்கிறான். அதாவது, பிராசஸர் ஓட வேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓடும்படி போர்டின் செட்டிங்கை மாற்றியிருக்கிறான். இரண்டு தடவை கொஞ்சமாக ஏற்றியபோது ஓடியது. மூன்றாவது தடவை ஏற்றினான். அதன் பிறகு எழவில்லை.

“இவன் ஸ்பீடு ஏத்தறேன்னு இன்னாத்தையோ கிண்டிட்டான் மேடம். ஃபேனு சுத்துது, படம் வர்ல. நான் வேணாம் வேணாம்னு சொல்லிகினே இருந்தேன்” என்றார் ஏழுமலை. அதை முதல் கட்டத்தில் எழுதிக்கொண்டேன்.

தினேஷ் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திறந்து பார்த்தேன். கல் பொடி இல்லை, சுத்தமாகத் துடைத்திருந்தான். அந்த ஊரிலிருந்து அவ்வளவு சுத்தமான பெட்டியை நான் பார்த்ததில்லை. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போர்டை வெளியே எடுத்து பெஞ்சில் வைத்து எங்கள் பவர் சப்ளையில் மாட்டினேன். போர்டின் ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. கரண்ட் வருகிறது என்று அர்த்தம். மீட்டர் வைத்து ஒவ்வொரு வோல்டேஜாகப் பார்த்தேன், சரி. மெமரியைக் கழற்றி எங்களுடையதைப் போட்டேன், இல்லை. பிராசஸரைக் கழற்றி எங்கள் டெஸ்ட் போர்டில் போட்டேன், அங்கே நன்றாக ஓடியது. எங்கள் பிராசஸரை இதில் போட்டேன், எழவில்லை. சோதனைக் கார்டைச் செருகினால் அதில் இரண்டு சைபர் வந்து அப்படியே நின்றது, போர்டு முதல் அடியே எடுத்து வைக்கவில்லை என்று அர்த்தம். ஆக, கோளாறு போர்டில்தான்.

இந்த மாதிரிக் கேஸில் செய்ய வேண்டியது ஒன்றுதான். போர்டு அந்தத் தப்பான செட்டிங்கை ஞாபகம் வைத்திருக்கிறது. அதை மறக்கடிக்க வேண்டும். அதற்கென்று போர்டில் இரண்டு ஊசி இருக்கும், ஜம்பர் என்போம். இரண்டையும் ஒரு நொடி சேர்த்தால் மறந்துவிடும். இந்த போர்டில் ஒரு ஊசி உப்பில் துருப்பிடித்து முறிந்திருந்தது. போர்டின் பின்பக்கத்தில் அந்த ஊசிகளின் அடியைத் தொட்டுச் சேர்த்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றினால் போதுமே என்று இருந்துவிட்டேன். ஞாபகத்தைக் காப்பாற்றுவது அந்தக் காசு அளவு பேட்டரிதான். அதைக் கழற்றி வைத்து, கடிகாரம் பார்த்து, இருபது நிமிடம் காத்திருந்தேன். டீ குடித்தேன். அந்த இருபது நிமிடமும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

விஜி, உனக்கு இப்போதே புரிந்திருக்கும். பிளக் மாட்டியிருந்தது, சுவிட்ச் இல்லை. பேட்டரி போனாலும் பவர் சப்ளையிலிருந்து ஒரு துளி கரண்ட் போர்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. போர்டு எதையும் மறக்கவில்லை. மறக்கவில்லை என்று அந்த விளக்கு என் கண் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்து, பரவாயில்லை, கரண்ட்டாவது வருகிறதே என்று நினைத்தேன்.

பேட்டரியைத் திரும்பப் போட்டு ஆன் செய்தேன். இரண்டு சைபர்.

அப்போது தினேஷ் எழுந்து கவுண்டர் அருகே வந்தான். “மேடம், பிளக்கப் புடுங்கிட்டு, பேட்டரியும் எடுத்துட்டு, ஒரு நாள் பூரா சும்மா வெச்சிப் பாருங்க மேடம். நெட்டுல அப்டிதான் போட்டுக்கிறாங்க.”

கவுண்டரில் காலேஜ் பையன்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். என் வாய் எப்போதும் கொஞ்சம் நீளம். “நெட்டப் பாத்துதான தம்பி இத இந்தக் கதிக்கு ஆளாக்குன? வைத்தியத்தையாவது எங்ககிட்ட உடு” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது, மறைப்பானேன். தினேஷ் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டான். முதல் கட்டத்தில் ஏழுமலை சொன்னதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் இருந்தது. அவன் சொன்னதை நான் எழுதவில்லை. மூன்றாவது கட்டத்தில், “டெட். ஓவர்கிளாக் செய்ததால்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நகலைக் கொடுத்தேன்.

ஏழுமலை சீட்டை இரண்டு தடவை படித்தார். தம்பி பக்கம் திரும்பினார்.

“பாத்தியா? நான் சொல்லல, கம்பெனி சொல்லுது. கொன்னுட்ட. கடச் சாவியக் குடு.”

“ண்ணா, ஒரு நாள் பாக்கலாம்ணா...”

“சாவியக் குடுடா.”

அவன் கொடுத்தான். ஏழுமலை புது போர்டு ஒன்றை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டார். பழையதை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டதற்கு, “பொணத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?” என்றார். தினேஷ் அவருடன் வண்டியில் ஏறவில்லை. பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனான்.

காதர் சார் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மறுநாள் சீட்டுக் கட்டைப் புரட்டும்போது அதில் நின்றார். “டெட்டுனு எழுதிக்கிற?”

“எல்லாம் பாத்துட்டேன் சார்.”

“‘இவன்’னு எழுதிக்கிற, ரெண்டு பேரு வந்துக்கறாங்க போல. அந்தத் தம்பி இன்னா சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

அவர் அடுத்த சீட்டுக்குப் போனார்.

நாலு மாதம் போயிற்று. கழித்துக்கட்டிய போர்டுகளை ஒரு பெட்டியில் போட்டு வைப்போம். போடுவதற்கு முன் பேட்டரியை மட்டும் கழற்றி டப்பாவில் சேர்ப்போம், மீட்டருக்கும் கடிகாரத்துக்கும் உதவும். ஒரு நாள் வேறொரு வேலைக்குக் கெப்பாசிட்டர் தேவைப்பட்டது. அந்த போர்டை எடுத்தேன். பாகம் உருவுவதற்கு முன் ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது காதர் சார் வைத்த பழக்கம். சும்மா கடமைக்குத்தான் மாட்டினேன்.

‘பீப்’ என்று ஒரு சத்தம். ஒரே சத்தம். அது எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

திரையில் எழுத்து வந்தது. தேதி ஏதோ பழைய வருடத்து ஜனவரி ஒன்று என்று காட்டியது. எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் நிலைக்குப் போயிருந்தது. சத்தம் கேட்டு காதர் சார் வந்தார்.

“இன்னா மாத்தன?”

“ஒண்ணும் மாத்தல சார். பெட்டில கெடந்துச்சு.”

அவர் போர்டில் இருந்த சீட்டு எண்ணைப் பார்த்தார். குனிந்து பெஞ்சின் பிளக் பட்டையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை விரலால் தடவினார். சுவிட்ச் தேடினார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் சொன்னது ரெண்டும்மா. நீ புடிச்சிக்கினது ஒண்ணு.” பட்டையைப் பார்த்துக்கொண்டே, “நானும் ஒன்ற வருசமா இந்த ரூமுலதான் உக்காந்துகினு கீறேன். எனக்கும் தோணல” என்றார்.

பிறகு சொன்னார்: “நாளைக்கு லீவு எடுத்துக்க. போர்ட எடுத்துகினு மாபலிபுரம் போ. அந்தத் தம்பி மேல தப்பு இல்ல, நம்ம மேலதான் தப்புனு அவங்கண்ணங்கிட்ட சொல்லு. அதான் முக்கியம். போர்டு அப்பறம்.”

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். “ஏழுமலை, தப்பு என்னுது.” நாலு வார்த்தைகூட இல்லை.

கடை, சிற்பக் கூடங்கள் இருக்கும் தெருவில். உளிச் சத்தத்தில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். ஏழுமலை கடையில் நாலைந்து பேர் ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தம்பி இல்லியா?” என்று கேட்டேன்.

“அவனா? அன்னிக்கே போயிட்டான் மேடம். ஓசூருல யாரோ ஃபிரெண்டு வூட்டுல கீறானாம். எங்கம்மாதான் வாசலப் பாத்துகினே உக்காந்துகினு கீது. வரட்டும்னு இருக்கேன், வந்து தப்புனு ஒத்துகினா சேத்துக்குவேன். இதப் பாருங்க.” மேஜைக்கு மேலே சுவரில் என் சீட்டை ஆணியில் குத்தி மாட்டியிருந்தார். “புதுசா வேலைக்கு வரவனுக்கெல்லாம் இதக் காட்டிடுவேன். செட்டிங்ல கை வெச்சா இதான் கதி.”

என் எழுத்து. ‘டெட்.’ கீழே என் கையெழுத்து.

பையிலிருந்து போர்டை எடுத்து மாட்டிக் காட்டினேன். ‘பீப்’ என்றது. ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆல்பம் பார்த்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“செத்தத எழுப்பிட்டீங்களே மேடம்! இன்னா பண்ணீங்க?”

அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. நான் சொன்னேன்: “ஒரு சிப்பு மாத்தனேன்.”

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பத்தாவது படித்தவள், டிப்ளமோக்காரர்களுக்கு நடுவில் கை ஒன்றை வைத்தே நின்றவள், அந்தக் கை தப்புச் செய்தது என்று நாலு பேர் முன்னால் சொல்லப் பயந்தேன். இதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பொய்யின் அர்த்தம் எனக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் முழுக்க உறைத்தது. நான் உண்மையைச் சொல்லாமல் விட்டேன் என்பது மட்டும் இல்லை. சிப் போயிருந்தது என்றால் அதைப் போக்கியவன் தினேஷ். கொன்றது அவன், எழுப்பியது நான். போனபோது இருந்ததைவிட அவன் குற்றத்தை உறுதியாக்கிவிட்டு வந்திருந்தேன். திருக்கழுக்குன்றத்தில் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். இறங்கவில்லை.

சாயங்காலம் சென்டருக்குப் போனதும் காதர் சார் கேட்டார். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் சார்.”

அவர் என்னையே பார்த்தார். “சரிங்க” என்றார்.

நான் வருவதற்கு முன்னாலேயே ஏழுமலை அவருக்குப் போன் செய்து, சிப் மாற்றியதற்கு நன்றி சொல்லியிருக்கிறார் என்பது மறுநாள் தெரிந்தது. காதர் சார் என்னைத் திட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டைக்கு சுவிட்ச் போட ஆள் வரவைத்தார். ஆனால் அந்த ‘ங்க’ போகவே இல்லை. “வாங்க ஸ்டெல்லா”, “பாத்துட்டீங்களா”, “கெளம்புங்க.” அவர் ஓய்வு பெறுகிற நாள் வரை இரண்டு வருடம். புதிதாக வந்தவர்கள், சார் உங்களுக்கு எவ்வளவு மரியாதை தருகிறார் என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் காதர் சார் காலமானார். கோவளம் போயிருந்தேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்து, அவர் வாயால் ஒரே ஒரு தடவை ‘வாம்மா’ என்று கேட்டிருக்கலாமே என்றுதான் அழுதேன்.

என் பேர் மட்டும் வளர்ந்தது. செத்த போர்டை எழுப்புகிற அம்மா என்று மாமல்லபுரம், கல்பாக்கம் வரை ஏழுமலை பரப்பிவிட்டார். அவருடைய அம்மா இறந்தபோது தினேஷ் வந்தானாம். பாடை தூக்கினான், அண்ணனிடம் பேசவில்லை, மாலையே போய்விட்டான். ஏழுமலைதான் சொன்னார். “ஒரு வார்த்த, தப்புண்ணானு சொல்லிருக்கலாம்ல மேடம்?” என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் கடைக்கு எதற்காவது போகும்போதெல்லாம் அந்தச் சீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். நான் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன்.

விழா முடிந்து மூன்று வாரம் இதை எழுதவும் முடியாமல், விடவும் முடியாமல் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன். கடையில் ஏழுமலை தனியாக இருந்தார். இந்த முறை யாராவது வருவதற்குள் சொல்லிவிட்டேன். பிளக், பட்டை, பச்சை விளக்கு, எல்லாம். உளிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

“அப்ப நீங்க சிப்பு மாத்தல?”

“இல்ல.”

“பன்னெண்டு வருசமா ஊருக்கெல்லாம் சொல்லிகினு கீறேன். மைக்கப் புடிச்சிச் சொன்னேன். நீங்க கேட்டுகினு உக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

அவர் எழுந்து ஆணியிலிருந்து சீட்டைக் கழற்றினார். நகல் எழுத்து நீலம் வெளுத்து, ஓரம் பழுத்திருந்தது. முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

“நான் சொன்னத எழுதிக்கிறீங்க. அவன் சொன்னது?”

“எழுதல.”

“பிளக்கப் புடுங்கிட்டு ஒரு நாள் பூரா வெச்சிப் பாருங்கனு சொன்னான். நான் பக்கத்துலதான நின்னேன்?” சீட்டை மேஜையில் வைத்தார். “நீங்க ஏதோ சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் மேடம்.”

பேனாவைக் கேட்டு வாங்கினேன். காலியாக இருந்த இரண்டு வரியில் எழுதினேன்: “தம்பி தினேஷ் சொன்னது: பிளக்கையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள்.” மூன்றாவது கட்டத்தில் ‘டெட்’ என்பதை அடித்தேன். “போர்டில் குறை இல்லை. அவர் சொன்னதே சரி. தப்பு என்னுடையது” என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டு, பழைய கையெழுத்துக்குக் கீழே மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

ஏழுமலை அதைப் போனில் படம் எடுத்தார். தம்பியின் நம்பர் அவரிடம் இருந்தது; சித்தப்பா ஒருவர் கொடுத்தது, இதுவரை ஒரு செய்தியும் அனுப்பியதில்லை. படத்தை அனுப்பினார். கூட ஒன்றும் எழுதவில்லை. இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு டிக் நீலமாக மாறியது.

“பாத்துட்டான்” என்றார்.

திரையின் மேலே, அவன் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றுவிட்டது. நான் மணி பார்த்தேன், பழக்க தோஷம். இருபது நிமிடம் ஆகியிருந்தது. “கால் பண்ணிப் பாருங்களேன்” என்றேன்.

ஏழுமலை போனைக் கவிழ்த்து வைத்தார். “வேணாம் மேடம். ஒரு நாள் பூரா சும்மா வெச்சிப் பாக்கலாம்.”

இன்று நான்காவது நாள், விஜி. காலையில் ஏழுமலைக்குப் போன் செய்து கேட்டேன். இன்னும் பதில் இல்லை என்றார்.